பதினொரு வோல்ட்

அவளுடைய கணவன் எங்கே என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. தம்பியோடு பிக்கப்பில் சரக்கேற்றப் போனவன். தம்பி மட்டும் திரும்பினான். அண்ணன் வழியில் இறங்கிக்கொண்டதாக அவன் சொன்னதை எல்லோரும் விழுங்கிக்கொண்டார்கள். அவன் வண்டி ஓட்டினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

தான் ஓட்டும்போது விளக்கு மங்குகிறதென்று, கொழுந்தன் அந்தப் பழைய பிக்கப்பின் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றப் பெரிய ஆல்டர்னேட்டர் வாங்கினான். மெக்கானிக் அதை வாசலிலேயே மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். பேட்டரியில் இணைத்த வோல்ட் மீட்டரைப் பார்த்துச் சொல்லும் வேலை அவளுக்கு; பதினான்கு காட்டினால் சரி என்றார்.

"பதினாலு."

கொழுந்தன் ஏறி அமர்ந்தான்.

"பதினொண்ணு."

இறங்கினான். மறுபடியும் பதினான்கு.

"வண்டிக்கு உங்க மேல என்ன கோவமோ!" என்று மெக்கானிக் சிரித்தபடி தானே ஏறி அமர்ந்தார். பதினான்கில் நின்ற முள் அசையவே இல்லை. கொழுந்தனை மீண்டும் ஏறச் சொன்னார். முள் சரிந்தது. அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

"இதவிடப் பெருசு கிடைக்குமாண்ணே?" என்றான் கொழுந்தன், ஸ்டியரிங்கை விடாமல். "அண்ணி, நீங்க உள்ள போங்க."

அவள் மீட்டரிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"அது இருக்கட்டும் தம்பி. உங்க அண்ணன் எங்க?"