இருநூற்றைம்பத்தைந்து எழுத்துக்கு மேல்

"மேனேஜரம்மாவுக்கு இன்னிக்குக் கடைசி நாள்க்கா. வாழ்த்து அட்டையில ஒரு கையெழுத்துதானே கேக்கறேன்? சொத்தையா எழுதி வாங்கறேன்?"

சம்பளப் பிரிவுப் பெண் பேனாவை நீட்டியபடி நின்றாள். புரோகிராமர் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேலை இருக்கு."

அவளிடமிருந்து ஒரு நாளைக்கு வருவதே பத்து வார்த்தை. அதில் இரண்டு செலவாகிவிட்டது. அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய், நாலு மேசை தள்ளி, காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "நெஞ்சுல ஈரமே கிடையாது."

யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர். மேனேஜரம்மா எதிரே வந்தால் சட்டென்று திரும்பி வேறு வழியாகப் போய்விடுவாள். பதினோரு வருஷமாக இதே கதை.

காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். கணவர் இறந்துபோன மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பிய வருஷம் அது. ஆண்டு மதிப்பீட்டில் மேனேஜரம்மா எழுதியது அவள் திரைக்கு வந்தது:

'வேலையில் குறையில்லை. ஆனால் யாரோடும் ஒட்டுவதில்லை. கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் வருகிறது. இவரோடு வேலை பார்ப்பது சிரமம் என்று பலர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.'

வெந்த புண்ணில் நாலு வரி. அன்றோடு அவள் அந்தப் பாதி பதிலையும் நிறுத்திக்கொண்டாள். அடுத்தடுத்த வருஷங்களில் மேனேஜரம்மாவும் 'திருப்தி' என்று ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டார். வீட்டிலும் பேச ஆளில்லை, ஆபீசிலும் இல்லை. டிவியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்கிற நிலைக்கு வந்தாயிற்று.

மூன்று மணிக்கு எல்லோரும் வழியனுப்பு விழாவுக்காக மேல்மாடிக்குப் போனார்கள். அவள் மட்டும் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

தலைமை அலுவலகத்து சர்வரிலிருந்து ஊழியர்களின் திரைக்கு எழுத்தைக் கொண்டுவருகிற புரோகிராம் அவள் எழுதியது. ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் மொழி. அது தெரிந்தவர்களில் பாதிப் பேர் பென்ஷன் வாங்குகிறார்கள், மீதிப் பேர் சுவரில் படமாகத் தொங்குகிறார்கள். அந்த மொழியில் ஒரு கட்டத்துக்குள் இருநூற்றைம்பத்தைந்து எழுத்துதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தால் மீதி போச்சு. இனிமேல் நீளமாக வருவதைத் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, முழுசாகக் காட்ட வேண்டும் என்று உத்தரவு.

எழுதி முடித்தாள். சோதித்துப் பார்க்க ஏதாவது எழுத்து வேண்டும். அடுத்தவர் கோப்பைத் திறக்கக் கூடாது, தன்னுடையதைத் திறந்தாள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய மதிப்பீடு. பக்கத்தில் சர்வர் அதன் நீளத்தைக் காட்டியது: நானூற்றுத் தொண்ணூற்றெட்டு எழுத்து.

இருக்காதே. மனப்பாடமாகத் தெரிந்த நாலு வரியாயிற்றே.

அப்புறம்தான் உறைத்தது. பாதி வார்த்தையில் அறுந்து நின்றால் பார்க்க அசிங்கமாயிருக்கும் என்று, இருபது வருஷத்துக்கு முன்னால் அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள்: கட்டம் நிரம்பினால் கடைசி முற்றுப்புள்ளியோடு நறுக்கிவிடு. அவ்வளவு லட்சணமாக நறுக்கும், நறுக்கினதே தெரியாது.

பொத்தானைத் தட்டினாள். மேலே கைதட்டல் கேட்டது. திரையில் நாலு வரிக்குக் கீழே மீதி வந்து ஒட்டிக்கொண்டது:

'எனக்கு அப்படித் தோன்றவில்லை; துக்கத்தோடு வந்தவரிடம் கலகலப்பை எதிர்பார்ப்பது நம்முடைய தவறு என்பேன். வீட்டில் பேச ஆளில்லாமல் போனால் பேச்சே மறந்துபோகும், அது எனக்கும் தெரியும். மதியம் ஒரு மணிக்கு என் அறையில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். இவரும் வரலாம். பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.'

நாலைந்து தரம் படித்துவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறி மேல்மாடிக்கு ஓடினாள். அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா லிஃப்டில் இறங்கிவிட்டார் என்றார்கள். அதே வேகத்தில் வாசலுக்கு ஓடினாள்.

மேனேஜரம்மா கையில் பூங்கொத்தோடு, தனியாக, டாக்சிக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"மேடம்."

அவர் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டது இவள்தானா என்று பின்னாலும் ஒரு தரம் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க எழுதினது எனக்குப் பாதிதான் வந்துது மேடம். திட்டு மட்டும்தான் வந்துது. மீதியை இப்பதான் படிச்சேன். வெட்டினது என் புரோகிராம். வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது." மூச்சு வாங்கியது. ஒரு வருஷத்துக்கான பேச்சு ஒரே நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒரே ஒரு தடவை நேர்ல கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

மேனேஜரம்மா பூங்கொத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"கூப்பிடலாம்னுதான்மா இருந்தேன். அதுக்குள்ள உங்க பதில் வந்துடுச்சு."

"என்ன பதில்?"

"மதிப்பீட்டுக்குக் கீழ ஊழியர் பதில்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல. 'ஏற்க மாட்டேன்'னு ரெண்டே வார்த்தை, அது மட்டும் முழுசா வந்துது. வர மாட்டேன்னு சொல்றவங்களை வற்புறுத்தறது மரியாதை இல்லைன்னு, நானும் பதினோரு வருஷமா தனியாவே சாப்பிட்டுட்டேன்."