பத்தரைக்கு முன்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் சுவிஸ் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து ஓமோ இல்லையோ சொல்லிவிட வேண்டும் என்று இளையதம்பி ஐயா என் கடைக்குள் கால் வைத்ததுமே சொல்லிவிட்டார்.

அக்கராயனிலிருந்து ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி இரண்டு மகள்மாருடன் வந்திருந்தார். பெண் பார்க்கும் இடம், வவுனியாவில் என்னுடைய ‘ஸுஹைர் நெற்’ கடை. பிளாஸ்க்கில் தேத்தண்ணீர், கோப்பை, எவர்சில்வர் தட்டு எல்லாம் கையோடு வந்திருந்தன.

பெண், இளையவள் தாட்சாயினி. சிவப்புச் சீலை, வயது இருபத்துநான்கு. மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு. மூத்தவள் பத்மாசனிக்கு முப்பத்துமூன்று. அவளை ஏழு பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எட்டாவது ஆளை வீணாக்க வேண்டாம் என்று ஐயா முடிவெடுத்திருந்தார்.

இதை அவளை வைத்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

தாட்சாயினி சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் தலைப்பூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கமராவை எந்த உயரத்தில் வைப்பது என்று நான் தடுமாற, பத்மாசனி பச்சைச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரையில் வந்து இருந்தாள்.

“நானும் தங்கச்சியும் ஒரே உயரம்தான். நீங்கள் கமராவைப் பாருங்கோ, தம்பி.”

சுவிசுக்கு இணைப்புப் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டே இருந்தது. நேற்றுத்தான் பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன், அதிலிருந்து இன்ரநெற் இப்படித்தான் இழுக்கிறது என்று அவளிடம் சொன்னேன். போடும்போது அது என்னென்னவோ கேட்டது, இங்கிலீசில் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதால் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

பத்மாசனி சிரித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை பிரதாபன் திரையில் தோன்றினார். அவள் துள்ளி எழுந்து, தங்கையைப் பிடித்து இருத்திவிட்டு வெளியே போனாள். மூத்தது இருக்க இளையதை ஏன் காட்டுகிறார்கள் என்ற கேள்வி வரக்கூடாதாம். வாசற்படியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். நாலு மணிக்கு எழும்பித் தங்கைக்குச் சீலை மடித்துவிட்டதும் தேத்தண்ணீர் போட்டதும் அவள்தான் என்று ஐயா சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

தாட்சாயினி தட்டைக் கமராவுக்கு நீட்டினாள். யாராவது எடுக்கத்தானே வேண்டும், கோப்பையை நான் எடுத்தேன்.

திரையில் படம் உறைந்து, பிரதாபன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றிருந்தார்.

லைனை வெட்டித் திரும்ப எடுப்போமா என்று கேட்டேன். நல்ல காரியத்தின் நடுவில் வெட்டுகிற கதை கதைக்கக்கூடாது என்றார் ஐயா. ஆகவே வெட்டாமல் செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். மற்ற இரண்டு கொம்பியூட்டர்களையும் நிறுத்தினேன். வயரை ஆட்டினேன். பக்கத்துத் தையல் கடையில் அதே லைனில் ஒரு போன் இருக்கிறது, அதைத் தொடவேண்டாம் என்று தையல்காரர் கனகலிங்கத்திடம் கேட்டுவிட்டு வந்தேன். அவர் விடிந்ததிலிருந்து தொடவே இல்லையாம். கடைசியில் மின்விசிறியையும் நிறுத்தினேன். அதற்குக் காரணம் ஒன்றுமில்லை. வேர்த்ததுதான் மிச்சம்.

என் மனைவி ஹாலிதாவை நான் பெண் பார்த்தது புத்தளத்து அகதி முகாமில், ஒரு குப்பி விளக்கில். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. லைன் ஒன்றும் தேவைப்படவில்லை.

திரையில் எங்கள் பக்கத்தைக் காட்டும் சின்னக் கட்டத்தில் தாட்சாயினி இமை வெட்டுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அதுவாவது நன்றாகப் போகிறதே என்று எல்லோரும் ஆறுதல்பட்டோம்.

பத்து இருபத்தைந்துக்கு மாப்பிள்ளையிடமிருந்து எழுத்து மட்டும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. இங்கிலீசு எழுத்தில் தமிழ். ஐயாவுக்கு அது ஓடாது, நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார். பக்கத்தில் இருக்கும் தாய்க்கும் பிடித்திருக்கிறதாம். ஐயா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

நான் மிச்சத்தையும் வாசித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. பச்சைச் சீலை வடிவாக இருக்கிறதாம். சிரிப்பு அதைவிட வடிவாம். படம் நின்றுபோனதும் நல்லதுக்குத்தான், இருபது நிமிடமாக அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

தாட்சாயினி குனிந்து தன் சிவப்புச் சீலையைப் பார்த்தாள்.

ஐயா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து இருபத்தெட்டு. வேறு நேரமாக இருந்தால் அவர் இரண்டு கிழமை யோசித்திருப்பார்.

தாட்சாயினி எழுந்தாள். தலையிலிருந்த பூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“அக்கா, உள்ளுக்கு வாங்கோ. அவர் பார்த்தது உங்களைத்தான்.”

ஐயா தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கதிரையைத் துடைத்துவிட்டார். பத்மாசனி வந்து இருந்தாள். பூவைத் தங்கை குத்திவிட்டாள்.

அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் அடையாளத்தைக் கண்டேன். நேற்று நான் ஓம் போட்டவற்றில் ஏதோ ஒன்று, காலையிலிருந்து தன்பாட்டில் இன்ரநெற்றிலிருந்து எதையெதையோ இறக்கிக்கொண்டிருந்தது. லைன் முழுவதையும் அதுதான் தின்றிருக்கிறது. நிறுத்தினேன்.

பிரதாபன் வாயை மூடினார்.

பத்து இருபத்தொன்பதுக்கு அவரிடமிருந்து மறுபடி எழுத்து வந்தது. இப்போது படம் நன்றாக ஓடுகிறது, ஆனால் அவா ஏன் அழுகிறா என்று கேட்டிருந்தார்.

லைன் பிழை என்று அடித்து அனுப்பினேன்.