கோணல் படங்கள்

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது அடுத்தவங்க வீட்டை எட்டிப் பார்க்கிற வேலை."

கம்ப்யூட்டர் மெக்கானிக் பட்டென்று சொல்லிவிட்டான். ஸ்டூடியோக்காரருக்கு முகம் தொங்கிப் போனது.

அவன் வந்தது என்னவோ ஆமை வேகத்தில் ஓடும் கம்ப்யூட்டரைச் சரிசெய்யத்தான். திறந்து பார்த்தால், உள்ளே பூராவும் யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள்.

"யாரோ இல்லப்பா, என் தம்பி வீடு. ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினப்போ, படமெல்லாம் பத்திரமா இருக்கட்டும்னு கிளவுட்ல ஒரே கணக்கு ஆரம்பிச்சோம். அவன் போன்ல எடுக்கிறது தானா ஏறி இங்கேயும் வந்துடும்."

"நீங்க பார்க்கிறது அவருக்குத் தெரியுமா?"

"கணக்கு இருக்கிறதையே மறந்திருப்பான். பேச்சு நின்னு அஞ்சு வருஷமாச்சு."

ஸ்டூடியோவை மூடலாமா வேண்டாமா என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை. யார் முதலில் பேசுவது என்ற வீம்பில் அப்படியே நின்றுவிட்டது. ஸ்டூடியோக்காரர் கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாத மனுஷர். சாயங்காலமானால் இந்த வீட்டுக்கு வருவது அந்தப் படங்கள் மட்டும்தான். தம்பி மகளுக்குப் பல் விழுந்ததையும், அவள் சைக்கிள் பழகியதையும் இந்த நாற்காலியிலிருந்தேதான் பார்த்தார். பெரியப்பா ஒருத்தர் இருப்பது அவளுக்கு நினைவிருக்குமோ என்னவோ.

"ஒண்ணும் கெடுக்கிறதில்லப்பா. கோணலா இருந்தா நிமிர்த்தி வைப்பேன், அவ்வளவுதான். தொழில் புத்தி. அவனுக்கும் கை நடுங்குதோ என்னமோ, இப்பல்லாம் ஒரு படம் நேரா வர்றதில்லை."

சொல்லி முடித்ததும் அவருக்கே கூசியது.

"நீ சொல்றது நியாயம்தான். அவன் போனை இந்தக் கணக்குலேர்ந்து பிரிச்சு விட்டுடு."

நாளையிலிருந்து இந்த அறையில் அவருக்குத் துணை மின்விசிறிச் சத்தம்தான்.

கடைசியாக ஒருதரம், இன்று வந்த படத்தைத் திறந்தார். தம்பி மகள் பள்ளிக்கூடப் பையோடு, வீட்டோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். "மடையன்" என்று முணுமுணுத்துக்கொண்டே நிமிர்த்தினார்.

கணக்கில் தம்பியின் போனைத் தேடிப் பிடித்த மெக்கானிக், அதை நீக்காமல் நிறுத்தினான்.

"சார், முதல்முதலா ஒரு படத்தை எப்ப நிமிர்த்தினீங்க?"

"நாலு வருஷம் இருக்கும். அவளோட பிறந்தநாள் படம். ஏன்?"

"ஒரே கணக்கு, நீங்க நிமிர்த்தினது அவர் போன்லயும் தெரியும். மறுநாளே அவர் போன்லேர்ந்து தானா ஏறுறதை நிறுத்திட்டார்."

"அப்ப இத்தனை நாளா வந்ததெல்லாம்?"

"தினம் ஒண்ணுன்னு அவரே கையால ஏத்தினது."

மெக்கானிக் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான்.

"பாருங்க. அதுவரைக்கும் வந்ததுல அந்தப் பிறந்தநாள் படம் ஒண்ணுதான் கோணல். அதுக்கப்புறம் உங்களுக்குன்னு ஏத்தினதுல ஒண்ணுகூட நேரா இல்ல சார்."