தாளுக்கு வெளியே ஒரு ஊசி

அந்த ஆய்வுக்கூடத்தில் லேசான அணுக்கரு ஒன்றின் அளவைக் கண்டவர்கள், சுவரில் ஒட்டிய வரைபடத் தாளில் தங்கள் கையாலேயே ஒரு குண்டூசி குத்துவது வழக்கம். கருவில் துகள் கூடக் கூட எல்லா ஊசிகளும் ஒரே கோட்டில் அடக்க ஒடுக்கமாக ஏறிப்போயின. ஆய்வாளர் பெர்பெத்துவாவின் ஊசி மட்டும் தாளைத் தாண்டி வெறும் சுவரில் நின்றது.

“பதினோரு துகள் உள்ள லித்தியம் இவ்வளவு பெருசா? இருநூறு துகள் உள்ள ஈயத்தோட கரு அளவுக்கு?” என்றார் இயக்குநர் தாமோதரன். “பிடுங்கிடுங்கம்மா. வெளியாளுங்க பார்த்தா மானம் போயிடும்.”

“மூணு தடவை அளந்துட்டேன் சார். ஒன்பது துகள் நடுவுல நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கு. ரெண்டு நியூட்ரான் மட்டும் எட்டத் தள்ளி நிக்குது. ஆனா விட்டுட்டும் போகலை.”

“தப்புன்னு ஆச்சுன்னா இனி உங்களுக்கு மெஷின் கிடையாது.”

“சரி சார்.”

நான்காவது தடவை அவரே அளந்தார்; அதே அளவுதான் வந்தது. மறுநாள் அந்த ஊசி நிற்கும் இடமும் அடங்கும்படி ஒரு பெரிய புதுத் தாளோடு வந்து, மற்ற ஊசிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதற்கு மேலே ஒட்டப் போனார். பெர்பெத்துவாவின் ஊசி இடித்தது. பிடுங்கக் கை நீட்டினார்.

“அதுல கை வைக்காதீங்க சார்,” என்றாள் பெர்பெத்துவா, நாற்காலியை விட்டு எழாமலே. “தாள்ல ஓட்டை போட்டுக்கங்க.”