துக்க வீட்டில் டெக்

ஜெனோவை அடக்கம் செய்து எட்டு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் வீட்டில் வாடகை வீடியோ டெக் வந்து உட்கார்ந்து, கார் ரேஸ் படம் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த சாரம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். துக்க வீட்டில் படம் ஓடுகிறது என்று பேட்டையே பேசியபோது, என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்தவள் அவள். இனி எந்த மூஞ்சியோடு தெருவில் நடப்பாள்?

"ஏலே அப்பாத்துரை! ஒத்தப் பிள்ளையப் பறிகொடுத்த வீடாலே இது?"

தம்பி திரும்பவே இல்லை. கார்கள் வளைவில் திரும்பும் இடத்தில் நிறுத்தினான். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். அவன் மனைவி பாக்கியவதி டிவியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க மைனி."

"உக்காரவா? சாயங்காலம் ஜெபத்துக்குச் சபையே வருது. இது ஓடிச்சுன்னா ஒருத்தரும் படியேற மாட்டாவ. நானுந்தான். பொறந்த வீடே இல்லன்னு போயிருவேன்!"

"பைய பேசுங்க மைனி. இன்னும் நாலு கேசட்டு கெடக்கு. ஆறு மணிக்கு டெக்கத் திருப்பிக் குடுக்கணும்."

சாரம்மாளுக்கு ஜெனோவின் நினைப்பு வந்தது. பதினேழு வயதில் அப்பனிடம் அடி வாங்கி மெட்ராசுக்கு ஓடிய பிள்ளை. அங்கே கார் ஓட்டுகிறான் என்பதைத் தவிர ஒரு தகவல் கிடையாது. பத்து வருடம் கழித்து ஆணியடித்த பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாம் என்று கூட வந்த கூட்டாளி காலில் விழுந்து கெஞ்சினான். அப்பேர்ப்பட்ட பிள்ளைக்கு இவர்கள் செய்யும் மரியாதையா இது? நெஞ்சில் ஈரமில்லாத சென்மங்கள்!

அப்பாத்துரை கேசட்டை மாற்றினான். சண்டைப் படம். பாட்டை ஓட்டித் தள்ளினான். சிரிப்புக் காட்சியையும் தள்ளினான். கதாநாயகனின் கார் பாலத்திலிருந்து பாயும் இடம் வந்ததும் நிறுத்தினான்.

பொறுத்தது போதும் என்று சாரம்மாள் சுவிட்சில் கை வைத்தாள். பாக்கியவதி பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காதீங்க மைனி! இந்தப் படத்துலல்லாம் காருக்குள்ள இருக்கது நம்ம ஜெனோன்னு அந்தக் கூட்டாளிப் பையன் சொன்னான். ரேஸுல ஹெல்மெட்டு, சினிமாவுல டூப்பு, வெறும் முதுகுதான் தெரியுது. ஒண்ணுலயாவது எம்பிள்ள திரும்பிப் பாக்கானான்னு பாக்கோம்."