காகிதக் கணினியின் வணக்கம்

சியோல் கல்லூரியில் எங்களுக்கு, பயன்படுத்த எளிதான திரைகளை வடிவமைக்கும் யூஎக்ஸ் டிசைன் முதல் வகுப்பு. கேன்டீனில் சாப்பாடு கேட்டு வாங்கும் இயந்திரத்தின் திரையைக் காகிதத்தில் வரைந்திருக்கிறோம். தொடும் இடத்துக்கேற்பத் தாளை மாற்றிவைக்கும் கணினி நான். கணினி வாய் திறந்தால் அணிக்குப் பூஜ்யம் என்கிறார் பாடம் நடத்தும் மா மேடம். சோதித்துப் பார்க்க வந்திருப்பவர் கட்டாய ராணுவ சேவையை முடித்துத் திரும்பிய சீனியர் பொம்சொக் அண்ணன். ஜன்னல் வெயில் தாளின்மேல் கிடக்கிறது. அவர் விரல் கிம்ச்சிக் குழம்பைத் தொடுகிறது. அது வெறும் படம், பொத்தான் இல்லை. விதிப்படி நான் அசையவில்லை. "என்னடா, வேலை செய்யலையா?" மறுபடி குத்துகிறார். "டேய், சீனியர் கேக்குறேன்ல, வாயில என்ன கொழுக்கட்டையா?" பேசினால் பூஜ்யம், பேசாவிட்டால் பட்டம் வாங்கும்வரை மரியாதை தெரியாதவன். எழுந்து, இடுப்பு ஒடியக் குனிந்து, சத்தமில்லாமல் வணங்குகிறேன். அண்ணன் என்னைப் பார்க்கிறார், தாளைப் பார்க்கிறார், மேடத்தைப் பார்க்கிறார். மேடம் ஜன்னலைப் பார்க்கிறார். கடைசியில் அண்ணனும் எழுந்து, தாளை நோக்கித் தலை தாழ்த்துகிறார். "மன்னிச்சுக்கங்க, நான்தான் தப்பா அமுக்கிட்டேன் போல." நான் இன்னும் குனிந்தே நிற்கிறேன். கணினி எப்போது நிமிரலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.