ஆளில்லாத கல்லா

அந்த வெளிநாட்டு ஊரில் யாரும் பணத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே நடந்தால் போதும். வாசலே முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும், கணக்கிலுள்ள ரூபாய் அந்நாட்டுப் பணமாக மாறித் தானே போய்விடும். பம்புசெட் பொருத்தக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த நாச்சிமுத்து, முதல் நாள் பழக்க தோஷத்தில் கல்லாவைத் தேடிப் போய், "எவ்வளவுங்க ஆச்சு?" என்று ஒரு பூந்தொட்டியிடம் கேட்டார்.

அதன்பிறகு மூன்று வாரமாக அவருக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கவில்லை. வேலையிடத்திலும் கூட இருந்தவை இயந்திரங்கள்தான்.

பணம் போகாவிட்டால் கதவு திறக்காது என்று எங்கோ படித்திருந்தார். திறக்காவிட்டால் யாராவது வந்துதானே ஆகவேண்டும்? இன்று வேண்டுமென்றே கணக்கை முடக்கிவிட்டு, சூப்பைக் குடித்து முடித்து வாசலுக்குப் போனார். கதவு அசையவில்லை. அவசரமாகத் தலையை வாரிக்கொண்டார். வருகிறவரிடம் சொல்வதற்காக, சூப் நன்றாக இருந்தது என்பதை அந்நாட்டு மொழியில் காலையிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"ஏனுங்ணா," என்றது கதவு, அச்சு அசல் கோயம்புத்தூர்ப் பேச்சில். "பணம் வரலைங்க. பரவாயில்லைங்க, அப்புறம் பாத்துக்கலாம். போய்ட்டு வாங்க."

கதவு திறந்தது.

"யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சனுங்க," என்றார் நாச்சிமுத்து.

"இதுக்கெல்லாம் ஆளு எதுக்குங்ணா?"

மனப்பாடம் செய்ததை அவர் ஒருமுறை சத்தமாகச் சொன்னார். பனிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் கிளம்பட்டும் என்று கதவு பொறுமையாகத் திறந்தபடியே நின்றது.